கெய்ரோ மூழ்கிய 12 நிமிடங்கள்: ஓர் ஆற்றுக் கவசப் படகின் எடைக் கணக்கு

1862 டிசம்பர் 12. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி இருபது மாதம் ஆகியிருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் நகருக்குக் கொஞ்சம் வடக்கே, யாசூ ஆற்றில், நண்பகலுக்குச் சில நிமிடம் முன்பு, வடக்குப் படையின் கவசப் படகான கெய்ரோவை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு வெடிப்புகள். ஒன்று இடப்பக்கப் பின்புறத்துக்கு அருகில். இன்னொன்று இடப்பக்க முகப்புக்குக் கீழே. இரண்டாவது வெடிப்பில் முகப்புப் பீரங்கிகளே தளத்தைவிட்டு எழும்பி விழுந்தன. படகைக் கரையில் ஏற்றி, ஒரு வடத்தை இழுத்துக் கரையில் கட்டி, ஆழத்துக்குச் சரியாமல் பிடித்துவைக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. 12 நிமிடத்தில் கெய்ரோ சுமார் 36 அடி ஆழத்தில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே தெரிந்தவை புகைபோக்கிகளின் நுனி மட்டும். கூட வந்திருந்த குயின் ஆஃப் த வெஸ்ட் என்ற கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டது, ஒருவரும் சாகவில்லை. தெற்குப் படையினர் இடத்தை அடையாளம் கண்டு பீரங்கிகளை எடுத்துவிடக் கூடாது என்று அந்தப் புகைபோக்கிகளையும் இழுத்துச் சாய்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

படகின் மேல் போர்த்தியிருந்த இரும்பு 122 டன். அந்த இரும்புக்கு அன்றைக்கு வேலையே வரவில்லை.

இந்தச் சம்பவத்தை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். பொறுமையில்லாத ஓர் இளம் தளபதியின் தவறு என்பது ஒன்று. கண்ணிவெடி என்ற புது ஆயுதத்தின் முதல் பெரிய வெற்றி என்பது இன்னொன்று. இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் கெய்ரோவின் கதி பாதிக்குமேல் 1861 ஆகஸ்டிலேயே, வரைபடத்தில் எடைக்கணக்குப் போட்டபோதே முடிவாகிவிட்டது என்பது என் எண்ணம். அடி எந்தத் திசையிலிருந்து வரும் என்று ஓர் ஊகம் செய்து, அந்தத் திசைக்கு மட்டும் இரும்பைச் செலவழித்துக் கட்டிய படகு அது. ஊகம் பலித்த இடத்தில் ஜெயித்தது. மற்ற திசைகள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொண்டன.

ஆறடித் தண்ணீரில் எவ்வளவு இரும்பு?

போர் தொடங்கியபோது வடக்குப் படையின் தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் போட்ட திட்டம் எளிமையானது: கடற்கரையை அடைத்துவிடு, மிசிசிப்பி ஆற்றைக் கைப்பற்றித் தெற்கை இரண்டாகப் பிள. மிசிசிப்பியோடு டென்னசி, கம்பர்லண்ட் ஆறுகளும் தெற்கின் வயிற்றுக்குள் போகிற பாதைகள். ரயில் பாதையைப் பிடுங்கிப் போட்டுவிடலாம், ஆற்றைப் பிடுங்க முடியாது. ஆனால் அந்த ஆறுகளில் சண்டை போடக்கூடிய கப்பல் ஒன்றுகூட வடக்கிடம் இல்லை.

கவசக் கப்பல் என்ற எண்ணம் அப்போது புதிதல்ல. கிரிமியப் போரில், 1855 அக்டோபரில், பிரெஞ்சுக்காரர்களின் இரும்பு போர்த்திய மிதக்கும் பீரங்கித் தளங்கள் கின்பர்ன் கோட்டையை நொறுக்கியிருந்தன. 1859-இல் பிரான்ஸ் குளோர் கப்பலை நீரில் இறக்கியது, 1860-இல் பிரிட்டன் வாரியர் கப்பலை இறக்கியது. வாரியருக்கு நாலரை அங்குல இரும்பு, அதன் பின்னால் 18 அங்குலத் தேக்கு. கூடவே அது மிதக்க 26 அடிக்கு மேல் தண்ணீர் வேண்டும். மிசிசிப்பியின் கிளையாறுகளில் கோடைக்காலத்தில் அதில் கால்பங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஐரோப்பிய அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது இரும்பு குண்டைத் தடுக்கும் என்ற ஒரு விஷயம்தான். மிச்சத்தை இங்கேயே யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் அவசரத்துக்கு, கமாண்டர் ஜான் ராட்ஜர்ஸ் மூன்று பயணிகள் படகுகளை வாங்கினார்: டைலர், லெக்சிங்டன், கோனஸ்டோகா. ஐந்து அங்குல ஓக் பலகை அடித்து அவற்றைப் போர்ப்படகாக்கினார்கள். கரையிலிருந்து வரும் துப்பாக்கித் தோட்டாவை அது தடுக்கும், பீரங்கிக் குண்டைத் தடுக்காது.

நிஜக் கவசப் படகுகளுக்கான வடிவத்தைத் தந்தவர் சாமுவேல் பூக், கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளர். நீளம் 175 அடி, அகலம் 51 அடி, தண்ணீருக்குள் இறங்குவது 6 அடி. அதாவது ஒரு பெரிய தட்டையான பரிசல், அதன் மேல் நாலு பக்கமும் உள்நோக்கிச் சாய்ந்த சுவர்கள் கொண்ட ஒரு கொட்டகை. பக்கச் சுவர்கள் 35 டிகிரியும் முகப்பு 45 டிகிரியும் சாய்ந்திருந்தன, நேராக வரும் குண்டு வழுக்கி மேலே போய்விடட்டும் என்று. தோற்றத்தைப் பார்த்து ஜனங்கள் 'பூக்கின் ஆமைகள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிஜ ஆமைக்கு முதுகில்தான் ஓடு. இவற்றுக்கு முதுகுதான் வெறுமையாக இருந்தது.

எல்லாவற்றையும் கட்டிப்போட்டது அந்த 6 அடி என்ற எண். அகலத்தையும் நீளத்தையும் ஆற்று வளைவுகள் கட்டுப்படுத்தின, ஆழத்தை மணல்திட்டுகள் கட்டுப்படுத்தின. அந்தக் கொள்ளளவுக்குள் 13 பீரங்கி, ஐந்து பாய்லர், இரண்டு நீராவி இயந்திரம், நிலக்கரி, வெடிமருந்து, 250 பேர் எல்லாம் அடங்க வேண்டும். எல்லாம் போக இரும்புக்கு மிஞ்சியது 122 டன். இரண்டரை அங்குலத் தகட்டை நாலு பக்கமும் கூரையும் மூட அது போதவே போதாது.

ஆகவே பூக் பங்கு போட்டார். முகப்புக்கு முழுக் கவசம், அதன் பின்னால் இரண்டடி கனத்துக்கு ஓக் மரம். பக்கவாட்டில், பாய்லரும் இயந்திரமும் இருக்கிற பகுதிக்கு மட்டும் தகடு. மற்ற இடம் வெறும் மரம். மாலுமி மேடைக்கு, அதாவது படகை ஓட்டுபவர் நிற்கும் அறைக்கு, ஒன்றேகால் அங்குலம். பின்புறத்துக்கு இல்லை. கூரைக்கு இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே எதுவும் இல்லை.

சரி, முகப்புக்கு ஏன் இத்தனை முன்னுரிமை? ஆறு குறுகலானது, பெரிய கப்பல் பக்கவாட்டில் திரும்பி நின்று சுட இடம் இல்லை. கோட்டைகள் ஆற்றின் வளைவுகளில் உட்கார்ந்திருக்கும். கோட்டையை நோக்கி முகத்தைக் காட்டியபடிதான் போக முடியும். நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது இன்னொரு வசதியும் உண்டு. இயந்திரம் பழுதானாலும் சுக்கான் அறுந்தாலும் நீரோட்டமே படகைப் பின்னால், தன் ஆட்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடும். டென்னசி, கம்பர்லண்ட் ஆறுகளில் வடக்குப் படை எதிரோட்டத்தில்தான் போகவேண்டியிருந்தது. மிசிசிப்பியில் அப்படியல்ல, ஓட்டத்தோடு இறங்க வேண்டும். அங்கே பழுதான படகு நேராக எதிரியின் மடியில் போய் விழும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சண்டை தொடங்கிய பிறகுதான் முழுசாகப் புரிந்தது.

துடுப்புச் சக்கரம் விஷயத்திலும் இதே கட்டாயம். நீருக்கடியில் சுழலும் திருகு வைத்தால் மணலிலும் மூழ்கிய மரங்களிலும் மாட்டும். பக்கவாட்டுச் சக்கரம் வைத்தால் ஒரே குண்டில் போய்விடும். அதனால் 22 அடி விட்டமுள்ள ஒற்றைச் சக்கரத்தைப் படகின் பின்பாதியில், நடுவில் ஒரு பள்ளம் விட்டு, கொட்டகைக்கு உள்ளேயே வைத்தார்கள். பாதுகாப்பு கிடைத்தது. பதிலுக்குப் போனது கட்டுப்பாடு. ஐம்பது அடி அகலப் பரிசலை நடுவிலிருந்து ஒரே சக்கரம் தள்ளினால் அது சொன்னபடி திரும்பாது. பின்னோக்கி ஓட்டுவது இன்னும் கஷ்டம். அதிகபட்ச வேகமே மணிக்கு ஒன்பது மைல் அளவுதான். நல்ல நீரோட்டத்தை எதிர்த்தால் அதிலும் பாதி போய்விடும்.

என்னைக் கேட்டால் இந்த வடிவத்தின் மிகப் பயங்கரமான சமரசம் பாய்லர்தான். மிசிசிப்பிப் படகுகளின் வழக்கப்படி உயரழுத்தப் பாய்லர்களைப் போட்டார்கள்: எடை குறைவு, பழுது பார்ப்பது சுலபம், ஆற்றில் வேலை செய்த எல்லாருக்கும் பழக்கம். கடற்கப்பலில் பாய்லர் நீர்மட்டத்துக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். ஆறடிப் படகில் ஒளிய இடம் ஏது? 24 அடி நீளமுள்ள ஐந்து பாய்லர்களின் மேல்பாகம் நீர்மட்டத்துக்கு மேலே நின்றது. பீரங்கி வீரர்கள் வேலை செய்ததும் அதே மூடிய கொட்டகைக்குள். ஒரு குண்டு உள்ளே வந்து நீராவிக் குழாயைத் துளைத்தால் ஓட இடம் கிடையாது.

பீரங்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்ததை எல்லாம் ஏற்றினார்கள்: எட்டு அங்குலக் கடற்படைப் பீரங்கி, 42 பவுண்டுக் குண்டு சுடும் ராணுவத்தின் பழைய பீரங்கியில் குண்டு சுழன்று போகக் குழலுக்குள் வரிப்பள்ளம் வெட்டியது, 32 பவுண்டுக் குண்டு சுடுவது. முகப்பில் மூன்று, பக்கத்துக்கு நாலு, பின்னால் இரண்டு. அந்த வரிப்பள்ளம் வெட்டிய பழைய பீரங்கிகள் எதிரிக்குச் சமமாகத் தன் ஆட்களுக்கும் ஆபத்து; பின்னால் சொல்லப்போகிற டோனல்சன் கோட்டைச் சண்டையில் காரண்டலெட் என்ற படகில் ஒன்று வெடித்தே போனது.

ஈட்ஸ் என்ற ஒப்பந்தக்காரர்

படகுகளைக் கட்டியவர் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜேம்ஸ் ஈட்ஸ். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். மூழ்கிய நீராவிப் படகுகளிலிருந்து சரக்கு மீட்கும் தொழிலில் பணம் பண்ணியவர். மூழ்குமணிக்குள் உட்கார்ந்து மிசிசிப்பியின் அடிமண்ணில் தானே நடந்து பார்த்தவர். பின்னாளில் அதே ஆற்றின் மேல் 1874-இல் திறக்கப்பட்ட பெரிய எஃகுப் பாலமும் அவருடையதே.

1861 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஒப்பந்தம். ஏழு படகு, படகுக்கு 89,600 டாலர், அக்டோபர் 10-க்குள் ஒப்படைக்க வேண்டும், தாமதித்தால் அபராதம். ஒன்பது வாரம் சொச்சத்தில் ஏழு போர்க்கப்பல்! கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மரம் காட்டில் நின்றுகொண்டிருந்தது, இரும்பு இன்னும் தகடாகவில்லை. செயின்ட் லூயிஸை ஒட்டிய காரண்டலெட்டில் நாலு படகும், இல்லினாய் மாநிலத்து மவுண்ட் சிட்டியில் மூன்று படகும் உருவாகின. கெய்ரோ மவுண்ட் சிட்டியில் பிறந்தது. பெயர் எகிப்தியத் தலைநகரத்துடையது அல்ல. ஒஹையோவும் மிசிசிப்பியும் கூடுகிற இடத்திலுள்ள ஊரின் பெயர். ஏழு படகுக்கும் இப்படி ஆற்றங்கரை ஊர்ப் பெயர்களே.

முதல் படகு அக்டோபர் 12-ஆம் தேதி நீரில் இறங்கியது. ஆனால் எல்லாம் முடிந்து படையில் சேர 1862 ஜனவரி ஆகிவிட்டது. தாமதத்தில் பாதிப் பழி அரசாங்கத்தின் மேல்தான்: வடிவத்தை நடுவில் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், பணத்தையும் இழுத்தடித்தார்கள். ஈட்ஸ் தன் சொத்தையும் நண்பர்கள் பணத்தையும் போட்டு வேலையை ஓட்டினார். இன்னொரு குழப்பமும் இருந்தது. படகுகளின் சொந்தக்காரர் ராணுவம், ஓட்டுபவர்கள் கடற்படை அதிகாரிகள். 1862 அக்டோபரில்தான் மொத்தமும் கடற்படைக்குக் கைமாறியது.

இந்தப் படகுகள் முதல் பெரிய சண்டை போட்டது 1862 பிப்ரவரி 6. எல்லாரும் பேசுகிற, வடக்கின் மானிட்டர், தெற்கின் வர்ஜீனியா என்ற இரண்டு கவசக் கப்பல்களின் மோதல் மார்ச் 9. கவசக் கப்பல் என்றாலே அந்த மோதலிலிருந்து கதையைத் தொடங்குவது பழக்கமாகிவிட்டது. ஆற்றில் அதற்கு ஒரு மாதம் முன்னாடியே வேலை நடந்துகொண்டிருந்தது.

திசைகள் ஒவ்வொன்றாக

பிப்ரவரி 6-ஆம் தேதி டென்னசி ஆற்றில் ஹென்றி கோட்டை. கொடித்தளபதி ஆண்ட்ரூ ஃபூட் நாலு கவசப் படகுகளை வரிசையாக முன்னே கொண்டுபோனார். பூக் மனதில் வைத்திருந்த சண்டை அப்படியே எதிரில் வந்து நின்றது போல இருந்தது: எதிரோட்டம், நேர் முகப்பு, கோட்டையோ ஆற்று மட்டத்தில், அதிலும் பாதி வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சின்சினாட்டி படகின் மேல் முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தும் அது மிதந்தது. வடக்குத் தளபதி கிராண்டின் தரைப்படை சேற்றில் நடந்து வந்து சேர்வதற்குள் கோட்டை கடற்படையிடம் சரணடைந்துவிட்டது. ஒரே ஒரு கெட்ட செய்தி. எசெக்ஸ் என்ற படகின் பாய்லரில் ஒரு குண்டு பாய்ந்தது. எசெக்ஸ் ஈட்ஸின் ஏழில் ஒன்றல்ல, பழைய தோணித்துறைப் படகை மாற்றிக் கட்டியது. ஆனால் பாய்லர் வைத்த முறை அதேதான். நீராவியில் முப்பது பேருக்கு மேல் வெந்தார்கள். வெற்றிக் கொண்டாட்டத்தில் அந்தச் சேதிக்கு யாரும் பெரிசாகக் காது கொடுக்கவில்லை.

எட்டு நாள் கழித்து கம்பர்லண்ட் ஆற்றில் டோனல்சன் கோட்டை. அதே நாலு படகு உத்தி, ஆனால் இந்தக் கோட்டை மேட்டில் இருந்தது. ஃபூட் 400 கஜ தூரம் வரை நெருங்கினார். ஹென்றியில் பலித்தது நெருங்கியதால்தான் என்று நினைத்திருப்பார். இங்கே நெருங்க நெருங்க மேட்டிலிருந்து வந்த குண்டுகளின் சரிவு கூடியது. அவை சாய்ந்த சுவரைத் தொடாமல் கவசமில்லாத கூரையில் இறங்கின. சாய்வுச் சுவர் நேர்க்கோட்டில் வரும் குண்டுக்குத்தான் சாய்வு. மேலிருந்து வருவதற்கு அது கிட்டத்தட்ட நேர் முகம். செயின்ட் லூயிஸ் படகில் 59 குண்டு விழுந்தது, சுக்கான் சக்கரம் பறந்தது, ஃபூட்டே காலில் காயப்பட்டார். லூயிவில் படகின் சுக்கான் கயிறு அறுந்தது. இரண்டையும் காப்பாற்றியது நீரோட்டம். பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. 54 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். கோட்டையை முடிவில் பிடித்தது கிராண்டின் தரைப்படை.

அடுத்து மிசிசிப்பி, 'பத்தாம் எண் தீவு'. இப்போது திசை தலைகீழ். ஓட்டத்தோடு இறங்க வேண்டும். டோனல்சனில் படகுகளைக் காப்பாற்றிய அதே நீரோட்டம் இங்கே எமன். தூரத்திலிருந்து சுடும்போதுகூட ஃபூட் மூன்று படகுகளைச் சேர்த்துக் கட்டிவைத்தார், ஒன்று பழுதானால் மற்றது பிடித்துக்கொள்ள. கடைசியில் ஏப்ரல் 4-ஆம் தேதி இரவு, இடியும் மழையுமாக இருந்தபோது, ஹென்றி வாக் காரண்டலெட் படகைத் தீவின் பீரங்கிகளுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனார். போவதற்கு முன் அவர் செய்த ஏற்பாட்டைப் பார்த்தால் படகின் ஓட்டைகள் பற்றி மாலுமிகளுக்கு எவ்வளவு தெளிவு இருந்தது என்று புரியும்: வெறும் மரமாக இருந்த பக்கத்தில் நிலக்கரியும் வைக்கோலும் ஏற்றிய தோணி, தளத்தின் மேல் சங்கிலிகள், பாய்லரைச் சுற்றி விறகுக் கட்டைகள். வடிவமைப்பாளர் விட்டதை வைக்கோலால் அடைத்தார்கள்.

மே 10-ஆம் தேதி பிளம் பாயிண்ட் வளைவில் தெற்குப் படை பீரங்கியை நம்பவில்லை, முட்டியது. முனையை வலுப்படுத்திய பழைய நீராவிப் படகுகள் விடிகாலையில் வேகமாக வந்து சின்சினாட்டியையும் மவுண்ட் சிட்டியையும் நீர்மட்டத்துக்குக் கீழே குத்தின. இரண்டும் ஆழமில்லாத இடத்தில் மூழ்கின. பிறகு தூக்கிச் சரிசெய்தார்கள். மெதுவாகத் திரும்புகிற படகுக்கு முட்டவருபவனிடமிருந்து விலகுவது முடியாத காரியம். கெய்ரோவும் அன்று அங்கே இருந்தது, ஜூன் 6-இல் மெம்பிஸ் சண்டையிலும் இருந்தது.

ஜூன் 17, ஆர்கன்சாவில் ஒயிட் ஆறு, செயின்ட் சார்ல்ஸ். மவுண்ட் சிட்டியின் பக்கவாட்டில் நுழைந்த ஒரே ஒரு குண்டு நீராவிக் கலத்தைத் துளைத்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் நீராவியில் வெந்து, மற்றவர்கள் ஆற்றில் குதித்து மூழ்கியும் கரையிலிருந்து சுடப்பட்டும். எசெக்ஸ் நாலு மாதத்துக்கு முன்பே சொன்ன விஷயம்.

ஜூலை 15-இல் யாசூ ஆறு கதைக்குள் வருகிறது. தெற்குப் படையின் ஐசக் பிரவுன், யாசூ சிட்டியில் ரயில் தண்டவாளம் போர்த்திக் கட்டி முடித்த ஆர்கன்சா என்ற கவசக் கப்பலை ஓட்டிக்கொண்டு இறங்கினார். எதிரில் வந்த காரண்டலெட் திரும்பிப் பின்வாங்கியது. அதாவது கவசமில்லாத பின்புறத்தைக் காட்டியது. அடி வாங்கிக் கரையோரம் ஒதுங்கியது. ஆர்கன்சாவும் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஆகஸ்டில் இயந்திரம் நின்றுபோனதால் அதன் ஆட்களே கொளுத்திவிட்டார்கள். ஆனால் பிரவுன் யாசூ ஆற்றிலேயே இருந்தார். கெய்ரோவுக்கு அடியில் வெடித்தது அவர் பொறுப்பில் நடந்த ஏற்பாடுதான்.

மேல், பக்கம், பின், நீராவி என்று எல்லாத் திசையும் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது அடிப்பக்கம்.

டிசம்பர் 12: முடிவுகளின் வரிசை

பிரவுனின் ஆட்கள் செய்த கண்ணிவெடியில் தொழில்நுட்பப் பெருமை எதுவும் இல்லை. ஐந்து கேலன் பிடிக்கும் கண்ணாடிச் சாடி, உள்ளே கறுப்பு வெடிமருந்து, மிதப்புக் கட்டை, கம்பி. அதை மின்சாரம் வெடிக்கவைத்ததா, கம்பி இழுபட்டு உராய்வில் வெடித்ததா என்பதில் அன்றைய ஆவணங்களே ஒத்துப்போவதில்லை. இரண்டாவதற்குத்தான் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. எப்படி இருந்தாலும் விலை ஒரு சாடி. இலக்கின் விலை லட்சம் டாலருக்கு மேல்.

வடக்குப் படைக்கு இது திடீர் அதிர்ச்சியும் அல்ல. முந்தின நாளே மார்மோரா, சிக்னல் என்ற இரண்டு மெல்லிய தகட்டுப் படகுகள் யாசூவில் போய்க் கண்ணிவெடிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தன. திட்டம் இதுதான்: சின்னப் படகுகள் முன்னால் போய்க் கம்பிகளை அறுத்து அகற்றட்டும், கரையிலிருந்து சுடுபவர்களைக் கவசப் படகுகள் பின்னாலிருந்து அடக்கட்டும். கண்ணி இருக்கிற இடத்துக்குள் பெரிய படகு போகக் கூடாது.

கெய்ரோவின் தளபதி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ், வயது 26. மார்ச் 8-ஆம் தேதி வர்ஜீனியா முட்டி மூழ்கடித்த கம்பர்லண்ட் கப்பலில் இருந்து தப்பியவர். மரக்கப்பல் ஒன்று கவசக் கப்பலிடம் நொறுங்குவதைக் கண்ணால் பார்த்த ஆளுக்கு, தானே ஒரு கவசப் படகில் நிற்கும்போது என்ன தைரியம் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வளைவில் முன்னே போன மார்மோரா நின்றது; துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பதுங்கித் தாக்குகிறார்கள் என்று நினைத்து செல்ஃப்ரிட்ஜ் வேகமாக முன்னே வந்தார். வந்து பார்த்தால் மார்மோராவின் ஆட்கள் தண்ணீரில் மிதந்த ஒரு கட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சிறு படகுகளை இறக்கி ஆராயச் சொன்னார். இதற்குள் கெய்ரோவின் முகப்பு கரைப்பக்கம் ஒதுங்கிவிட்டது. பின்னால் எடுத்து, ஆற்றுக்கு நேராக நிமிர்த்தி, மார்மோராவை முன்னே போகச் சொன்னார். மார்மோரா தயங்கியது. கெய்ரோ தானே நகர்ந்தது. சக்கரம் ஐந்தாறு சுற்றுச் சுற்றியிருக்கும், படகு தன் நீளத்தில் பாதி போயிருக்கும். அவ்வளவுதான்.

பொறுமையின்மை தெளிவாகத் தெரிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கரைப்பக்கம் ஒதுங்கியதையும் பின்வாங்கி நிமிர்த்தியதையும் யாரும் அதிகம் பேசுவதில்லை. நீரோட்டத்தில் ஓரிடத்தில் நிற்கத் தெரியாத படகு அது. குறுகிய ஆற்றில், ஆராயப்படாத தண்ணீரில், முன்னும் பின்னும் அசையாமல் அதனால் காத்திருக்கவே முடியாது. சக்கரத்தைப் பாதுகாப்பதற்காக 1861-இல் கொடுத்த விலை அந்த இடத்தில் வசூலானது. நிதானமான தளபதி இருந்திருந்தால் கெய்ரோ அன்று தப்பியிருக்கும். அதே வகைப் படகு அதே ஆற்றில் ரொம்ப நாள் தப்பியிருக்குமா என்பது வேறு கேள்வி.

ஆற்றுப் படகுப் படையின் தளபதி டேவிட் போர்ட்டர் செல்ஃப்ரிட்ஜைத் தண்டிக்கவில்லை. கோனஸ்டோகாவைக் கொடுத்தார். 1864 மார்ச் 8-இல், கம்பர்லண்ட் மூழ்கி சரியாக இரண்டு வருடம் கழித்து, கோனஸ்டோகாவும் வடக்கின் சொந்தப் படகு ஒன்று இடித்து மூழ்கியது. மனிதர் பிற்காலத்தில் அட்மிரல் ஆகி ஓய்வு பெற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சேற்றிலிருந்து வந்த சாட்சி

கெய்ரோவை 1956-இல் எட்வின் பேர்ஸ், வாரன் கிராபாவ், டான் ஜாக்ஸ் மூவரும் கண்டுபிடித்தார்கள். கருவி ஒரு சாதாரணத் திசைகாட்டி. கீழே கிடக்கிற இரும்பு முள்ளைத் திருப்பிக் காட்டிக்கொடுத்தது. 1960-இல் மாலுமி மேடையும் ஒரு பீரங்கியும் மேலே வந்தன. 1964-இல் முழுப் படகையும் கம்பிவடங்களில் தொங்கவிட்டுத் தூக்கப் பார்த்தார்கள். வடங்கள் மரத்துக்குள் அறுத்துக்கொண்டு போயின. வேறு வழியில்லாமல் மூன்று துண்டாக வெட்டி எடுத்தார்கள். கடைசித் துண்டு வெளியே வந்தது, மூழ்கி 102 வருடம் முடிந்த டிசம்பரில். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த வரை அந்த மர உடல் இரும்பைச் சுமந்தது. தண்ணீரை எடுத்தவுடன் தன் கவசத்தின் எடையைத் தானே தாங்க முடியவில்லை. பிறகு மிசிசிப்பி மாநிலத்துப் பாஸ்ககூலா ஊரில் பல வருடம் திறந்தவெளியில் கிடந்து வீணானது ஒரு துயரக் கதை. 1977-இல் விக்ஸ்பர்க் தேசியப் போர்ப் பூங்காவுக்கு வந்தது. இப்போது கூரைக்குக் கீழே நிற்கிறது.

சேறு பத்திரமாக வைத்திருந்த மருந்துக் குப்பிகளையும் பூட்ஸ்களையும்தான் பெரும்பாலும் பார்த்துவிட்டு வருவார்கள். நான் பார்க்கச் சொல்வது பக்கச் சுவரை. வரைபடத்தில் இல்லாத ரயில் தண்டவாளம் அங்கே வரிசையாக அடிக்கப்பட்டிருக்கிறது, தகடு இல்லாத மரத்தின் மேல். 1862-இல் நடுவில் சேர்த்தது. பக்கவாட்டு அடி என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டவர்கள் எதிரியின் முறையையே எடுத்து ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். கூடுதல் எடை படகைக் கூடுதலாக அமுக்கியிருக்கும், ஏற்கெனவே மெதுவான படகு இன்னும் மெதுவாகியிருக்கும். கீழே வைக்க எதுவும் இல்லை, வைத்தால் மிதக்காது.

அதற்குப் பிறகு

1863 மே 27-இல் சின்சினாட்டி விக்ஸ்பர்க் மேட்டிலிருந்து வந்த குண்டுகளால் மறுபடி மூழ்கியது; மரக்கட்டையும் வைக்கோலும் அடுக்கிக்கொண்டு போயும் பயனில்லை. ஜூலை 13-இல் பாரன் டிகால்ப் என்ற படகு, அதாவது பெயர் மாற்றிய பழைய செயின்ட் லூயிஸ், அதே யாசூ ஆற்றில் கண்ணிவெடியில் போனது. கெய்ரோ மூழ்கி ஏழே மாதம்.

ஈட்ஸ் பழைய வடிவத்தை விட்டுவிட்டார். அவருடைய அடுத்த படகுகளில் கொட்டகை கிடையாது: தாழ்வான இரும்புத் தளம், சுழலும் பீரங்கிக் கோபுரம், மில்வாக்கி வகையில் ஒரு சக்கரத்துக்குப் பதில் நாலு திருகுகள். மேலிருந்து வரும் குண்டுக்குத் தளத்தில் இரும்பு இருந்தது, எந்தத் திசையிலும் சுட முடிந்தது, திரும்பவும் முடிந்தது. அப்புறமும் அடிப்பக்கம் அடிப்பக்கமாகவே இருந்தது. 1865 மார்ச் 28-ஆம் தேதி மொபைல் நகரத்தை ஒட்டிய பிளேக்லி ஆற்றில், கண்ணிகளை ஏற்கெனவே தேடி அகற்றிய தண்ணீர் என்று நம்பித் திரும்பிக்கொண்டிருந்த மில்வாக்கியின் கீழே ஒன்று வெடித்தது. மறுநாள் ஓசேஜ் என்ற இன்னொரு ஈட்ஸ் படகு அதே இடத்தருகே அதேபோல் மூழ்கியது. மில்வாக்கியில் ஒரு மாற்றம் மட்டும் தெரிந்தது. பின்புறம் மூன்று நிமிடத்தில் அமிழ்ந்தாலும் முன்பக்க அறைகள் நிரம்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது. எல்லாரும் இறங்கிக்கொண்டார்கள்.